வரப்பில் வழுக்கியவர்கள்

கூலிப் போராட்டம் நடந்த வருஷங்களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். கருவைக் கலைக்கச் சட்டம் அப்போதே இடம் கொடுத்திருந்தது. ஆனாலும் ஊர்ப் பேச்சுக்குப் பயந்து, வயல் வேலைக்குப் போகும் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வரப்புல வழுக்கி விழுந்துட்டேன்னு எழுதுங்க சிஸ்டர்" என்பார்கள். நானும் தானாகக் கலைந்தது என்றே பதிவேட்டில் எழுதினேன். கூலித் தகராறில் அறுவடை நின்றுபோனபோது இன்னும் நிறையப் பேர் விழுந்தார்கள்.

ஒருநாள் டாக்டரம்மா ஒரு மருத்துவப் பத்திரிகையை விரித்துக் காட்டினார். எந்தெந்த நாட்டில் எவ்வளவு கருக்கலைப்பு என்று அட்டவணை போட்டிருந்தது. நம் நாடு அடியில் கிடந்தது.

"பாத்தீங்களா சிஸ்டர், நம்ம பொண்ணுங்க எவ்வளவு கட்டுப்பாடு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டுப்பாடாம்! அந்த எண்ணைக் குறைத்தது என் பேனா.

அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கோடுகள் வரப்புகளாக நீண்டன. அவற்றின்மேல் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, ஓசையே இல்லாமல் நடந்து போனார்கள். ஜன்னலுக்கு வெளியே கானல் நெளிந்தது. சித்திரை மாசம். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை, வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது.

அன்று காலையிலும் இரண்டு பேர் வரப்பில் வழுக்கி விழுந்திருந்தார்கள்.