ஒரு சாண் அகலச் சொத்து

என் வீட்டுக்காரர் நிலம் அளப்பவர். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘சில்லறை’. மற்ற சர்வேயர்கள் ஏக்கர் கணக்கில் அளந்துவிட்டு மீசையை முறுக்குவார்கள். இவர் கைக்குட்டை அளவு மனைக்கு சர்வே எண் போட்டுவிட்டு, பிள்ளை பெற்றவர் போலப் பூரித்துப்போய் வீட்டுக்கு வருவார்.

“இன்னிக்கு ஒண்ணு போட்டேன் பாரு, கிணறு மட்டும்தான் அதுல அடங்கும்!” என்றார் ஒரு நாள். சொத்தைப் பிரித்துக்கொண்ட மூன்று சகோதரர்களில் யார் பக்கம் கிணறு போனாலும் அடிதடிதான். அதனால் கிணற்றையே தனி மனையாக்கி, மூவருக்கும் பொதுவில் வைத்துவிட்டு வந்திருந்தார். இன்னொரு நாள், பஸ் திரும்ப முடியாத தெருமுனையில் வழி விடுவதற்காக முக்கோணமாக ஒரு துண்டைப் பிரித்த கதையைத் தட்டில் சோற்றை வெட்டியே காட்டினார்.

எனக்கோ பற்றிக்கொண்டு வரும். “ஊரான் நிலத்தையெல்லாம் அளக்கறீங்களே, என் பேர்ல ஒரு சாண் நிலமாவது உண்டா?” கல்யாணமான புதிதில் ஆரம்பித்த இந்தப் பாட்டை இருபது வருஷம் பாடினேன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறப்பார். நான் விட்டால்தானே!

கடைசியில் அவர் பேரில் ஒரு மனை வாங்கினோம். தேடிப் பிடித்தவள் நான். ரோட்டோரம், விலையும் மலிவு. “அதுல ஒரு விஷயம் இருக்கு…” என்று இழுத்தார். “உங்க விஷயமெல்லாம் அப்புறம்” என்று அடக்கிவிட்டேன். வீடு எழும்பியது. வாசலுக்கு மஞ்சள் கதவு, என் இஷ்டப்படி. மாதக் கடைசியில் வாடகை வீட்டைக் காலி செய்வதாக வாக்குக் கொடுத்து, பாத்திரங்களைப் பாதி மூட்டை கட்டியாயிற்று. அப்போதுதான் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் மனைக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு சாண் அகலத்தில் வேறொருவர் நிலம் இருக்கிறது, அவர் சம்மதம் இல்லாமல் அந்தப் பக்கம் வாசல் வைக்கக் கூடாது, குடியேறவும் அனுமதி கிடையாது என்று.

“எந்தப் புண்ணியவான் இதை அளந்தான்?” என்று கத்தினேன்.

“நான்தான்.”

கடிதத்தை அவர் முன்னால் வீசினேன். அவருக்கோ முகம் மலர்ந்துவிட்டது, தொழிலைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதே!

“அந்தக் காலத்துல கிழக்கேர்ந்து ஒருத்தர் அளந்துட்டு வந்திருக்கார், மேற்கேர்ந்து ஒருத்தர். ரெண்டு பேரோட அளவுச் சங்கிலியும் ஒரே நீளம் இல்ல. ரெண்டு கோடும் சேராம நடுவுல ஒரு சாண் நின்னுபோச்சு. எண் இல்லாம விட்டா நாளைக்கு யார் வேணா வேலி போடுவான். அதான் தனி எண் குடுத்தேன்.”

“ஓனர் யாரு?”

“ஒரு அம்மா. நல்லவங்கதான். ஆனா கோபக்காரி. பேசவே பயமா இருக்கு.”

“நீங்க பயப்படுங்க. நான் பாத்துக்கறேன்” என்று செருப்பை மாட்டினேன். வழியெல்லாம் அந்த அம்மாளை என்னென்ன கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஒரு சாண் நிலத்தை வைத்துக்கொண்டு அடுத்தவள் வாசலை மறிக்கிறாளே, இவளெல்லாம் ஒரு பெண்ணா!

பதிவேட்டு அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவரிடம், சண்டை போடணும், இந்த நிலத்து ஓனர் விலாசம் வேணும் என்றேன். அவர் கடிதத்தில் இருந்த எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி மறுபடி திரையைப் பார்த்தார்.

“மேடம், யார்கூட சண்டை போடணும்னு சொன்னீங்க?”

“அந்த ஓனர்கூட!”

“அது நீங்கதான் மேடம்.”

அட்டையையும் திரையையும் அருகருகே வைத்துக் காட்டினார். என் பேர், என் அப்பா பேர், பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய என் கோணல் கையெழுத்து. என் வீட்டுக்காரர் நீட்டும் காகிதத்தில் எல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போடுவது என் வழக்கம். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒத்திகை பார்த்த வசவையெல்லாம் அப்படியே சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்தேன். பாத்திர மூட்டை மேல் குற்றவாளி உட்கார்ந்திருந்தார்.

“எப்போ வாங்கினீங்க?”

“முதல் கல்யாண நாளைக்கு. ஒரு சாண் நிலம் வேணும்னு கேட்டியே. பக்கத்து நிலத்தோட பழைய சொந்தக்காரர்கிட்ட இந்தத் துண்டு உங்களோடதுன்னு போய்ச் சொன்னேன். கைத்தடி சாத்தக்கூட எடம் பத்தாது, நீயே எடுத்துக்கோன்னு உன் பேர்லயே எழுதிக் குடுத்துட்டார். உன்கிட்ட காட்டலாம்னு கூட்டிட்டுப் போக நெனச்சேன். நேர்ல பாத்தா ரொம்ப சின்னதா இருந்துது. வெக்கமாப் போச்சு.”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இருபது வருஷம் இந்த மனுஷனை நான் பேசவே விடவில்லை.

சம்மதக் கடிதம் அன்றைக்கே எழுதினேன். இரண்டையும் ஒரே மனையாகச் சேர்த்துவிடலாமே என்று நகராட்சியில் கேட்டார்கள். முடியவே முடியாது என்றேன். மாதக் கடைசியில் குடியேறினோம். என் நிலத்தின் இரண்டு முனையிலும் கல் நட்டிருக்கிறேன். தினமும் சாயங்காலம் அவர் ரோட்டிலேயே நின்று, “ஓனரம்மா, தாண்டலாமா?” என்று கேட்பார்.

அவர் கேட்டு முடிக்கும்வரை நான் குறுக்கே பேசுவதில்லை.