எழுபது டிகிரி

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் இருபது வருடம் வேலை பார்த்தவள் நான். வெயில் ஏறிவிட்டால் மருந்தைத் தொடமாட்டோம்.

ஜெர்மனியில் இருக்கும் மகள், முகம் பார்த்துப் பேசப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தாள். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் திரையின் ஓரத்தில் அதன் சூடு எழுபது டிகிரி என்று காட்டும். உள்ளே ஃபேன் இரையும். நான் பேச்சின் நடுவிலேயே அணைத்துவிடுவேன்.

ஒருநாள் கேட்டே விட்டாள். "ஏம்மா, எங்கூடப் பேசப் பிடிக்கலையா?"

"வெடிச்சிருமோன்னு பயந்தேன் தாயி."

"எழுபது அதை ஒண்ணும் செய்யாதும்மா. ஃபேன் வேகமாச் சுத்தி, தானா ஆத்திக்கிடும்."

இப்போது அவளுக்குப் பேச நேரமில்லை. எங்கள் ஆமத்தூர் வெயிலிலும் கம்ப்யூட்டர் நாற்பதிலேயே நிற்கிறது. அந்த எண் ஏறாதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.