மனுவின் கடைசிப் பத்தி

நான் மனு எழுதிப் பிழைக்கிறவன். கிருஷ்ணகிரியில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடையின் முன்பக்கத்தில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்து உட்கார்ந்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். அன்றைக்கு எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. வருகிறவர்கள் அழுவார்கள், திட்டுவார்கள், சாபம் விடுவார்கள். அதையெல்லாம் வடிகட்டி, 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிப்பதுதான் தொழில். அதில் எனக்குக் கர்வமும் இருந்தது. எவ்வளவு கொதிப்போடு ஒரு ஆள் வந்தாலும் அரைப் பக்கத்தில் அவரை ஆபீஸ் தமிழுக்கு மாற்றிவிடுவேன். மாற்றி முடித்த பிறகு அந்தத் தாளில் கொதிப்பு இருக்காது. அதைத்தான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் ஊர், குருபரப்பள்ளியிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில் இருக்கிறது. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப் போவதாக நோட்டீஸ் வந்ததும் ஊரில் ஒரு கமிட்டி போட்டார்கள். எழுதத் தெரிந்தவன் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குப் பறிகொடுக்க ஒன்றும் இல்லை. எங்கள் நிலத்தை அண்ணன் எப்போதோ விற்றுவிட்டு ஓசூரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். கமிட்டியில் எல்லோரையும்விட நான் நிதானமாகப் பேசினேன் என்று பெயர் வாங்கினேன். நிலம் போகாதவனுக்கு நிதானம் சுலபமாக வரும் என்பது அப்போது உறைக்கவில்லை.

எங்கள் பழைய நிலத்துக்கு வரப்பைத் தாண்டினால் அக்காவின் நிலம். சொந்தமில்லை, ஆனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவர் அப்பா கொடுத்த நிலம் அது, பட்டாவும் அவர் பேரில்தான். தக்காளி, கேழ்வரகு, ஒரு கிணறு, ஐந்து மாமரம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், மாட்டை அதட்டக் கன்னடம். பள்ளிக்கூடத்தில் படித்த நாலைந்து வகுப்பும் தெலுங்கில். அதனால் தமிழில் எப்பேர்ப்பட்ட ஆளையும் வாயடைக்கச் செய்வார், தமிழில் எழுதியதைப் படிக்க மட்டும் வராது.

அளவெடுக்க முதல்முறை ஆட்கள் வந்த அன்று கமிட்டி முழுக்க அங்கே இருந்தது. முக்காலி மாதிரி ஒரு கருவியை அக்காவின் தக்காளிப் பாத்திக்குள் நிறுத்தியிருந்தார்கள். கமிட்டித் தலைவர், ரிட்டயர் ஆன தலைமையாசிரியர், "தாங்கள் எந்த உத்தரவின்படி வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று கேட்டார். அவர்கள் பைக்குள்ளிருந்து ஒரு உத்தரவை எடுத்து நீட்டினார்கள். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார், நானும் எட்டிப் பார்த்துப் படித்தேன். உத்தரவு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்கு மேல் என்ன கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அக்கா தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியோடு அப்படியே வந்தார்.

"ஏம்பா, உன் வூட்டுக்குள்ள நான் டேப்பு புடிச்சா நீ சும்மா இருப்பியா? செடிய மிதிக்கிற பாரு, காலெடு மொதல்ல. எடுத்துக்கினு கெளம்பு."

சர்வேயருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். உத்தரவைக் காட்டினார். "அத நீயே வெச்சுக்க. எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார் அக்கா. அந்தப் பையன் சிரித்துவிட்டான். மேலே சொல்கிறேன் என்று கருவியை மடித்து எடுத்துக்கொண்டு போனான். அதன் பிறகு ஒரு மாதத்துக்கு யாரும் வரவில்லை. எங்கள் கமிட்டி அதுவரை கொடுத்த எந்த மனுவும் அவர்களை ஒரு நாள்கூட நிறுத்தியதில்லை.

அடுத்து ஹைவே ஓரம் ஒரு ஆர்ப்பாட்டம் நடத்தினோம். தலைவர் மைக்கில் வாழ்வாதாரம், வாழ்வாதாரம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். பெண்கள் வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா எழுந்து போய் மைக்கை வாங்கினார்.

"வாழ்வாதாரம்னா என்னான்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது தக்காளி. வேலை குடுக்கறோம், வேலை குடுக்கறோம்னு சொல்றாங்க. என்னா வேலை? எங்க நெலத்துல அவன் கட்டடம் கட்டுவான், அத நாங்க கூட்டிப் பெருக்கணும். அதானே? நான் தர மாட்டேன். அவ்ளோதான்."

அப்புறம் ஆதரவு தெரிவிக்க வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு கட்சிக்காரர் பக்கம் திரும்பினார். "நீ எதுக்கு வந்தே? உங்க ஆளுங்கதானே ரோட்டோரமா எடம் வாங்கிப் போட்டுக்கினு இருக்காங்க?" என்றார். பெண்கள் முந்தானையை இறக்கிவிட்டுக் கைதட்டினார்கள். கட்சிக்காரர் டீ வருவதற்குள் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. பேச்சுவார்த்தை கெட்டுப் போகும், ஆதரவு போகும், நாலு பேர் நம்மை மதிக்க வேண்டாமா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இனிமேல் அதிகாரிகள் முன்னால் அக்கா பேசக் கூடாது என்று முடிவானது. ஒருத்தர்கூட மறுத்துப் பேசவில்லை. நானும்தான். உண்மையைச் சொன்னால், எனக்கு அவர் பேச்சு கூச்சமாக இருந்தது. நான் தினமும் 'ஐயா' என்று எழுதுகிற ஆட்களை அவர் 'வா, போ' என்று பேசினார். அவரோடு சேர்த்து என்னையும் பார்த்துவிடுவார்களோ என்று பயந்தேன். முடிவை அக்காவிடம் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள்.

"பேசலைன்னா நெலம் நிக்குமா?" என்று கேட்டார்.

"மனு நிக்கும்க்கா. நான் பக்காவா எழுதித் தரேன். விசாரணையில மனுவுல உள்ளபடின்னு மட்டும் சொல்லு, போதும்."

"அப்ப நான் சொல்றத எழுது. தர மாட்டேன். அத மட்டும் எழுது. வேற ஒண்ணும் சேக்காத."

சரி என்றேன்.

ஆட்சேபணை மனுவை ஊரில் எல்லோருக்கும் நான்தான் அடித்தேன். ஒன்றை அடித்துவிட்டுப் பெயரையும் சர்வே நம்பரையும் மாற்றி மாற்றி எடுத்தேன். எந்த மனுவுக்கும் இரண்டு கதவு வைப்பது என் பழக்கம். முதல் கோரிக்கை கிடைக்காவிட்டால் இரண்டாவதாவது கிடைக்கட்டும் என்று கடைசியில் ஒரு பத்தி போடுவேன். இதிலும் போட்டேன்: தவிர்க்க இயலாத நிலையில் நிலம் கையகப்படுத்தப்படும் பட்சத்தில், சந்தை மதிப்பில் இழப்பீடும் குடும்பத்தில் ஒருவருக்கு வேலைவாய்ப்பும் வழங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவின் மனுவிலும் அது இருந்தது. கையெழுத்து வாங்குமுன் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தி வந்ததும் தாளை மடித்தேன். கடையில் கூட்டம், அதனால் படிக்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். படித்தால் எடுக்கச் சொல்வார் என்று தெரியும். அவருடைய நல்லதுக்குத்தான் செய்கிறேன், அவருக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்தேன். அக்கா கட்டை விரலால் வரிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் வந்துடுச்சா?" என்று கேட்டுத் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை தனித் தாசில்தார் ஆபீசில் நடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அக்கா போய் மேஜைக்கு முன்னால் நின்றார். பின்னால் கமிட்டியோடு நான் நின்றேன். மனுவில் உள்ளபடி என்று, நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னார். அதிகாரி மரியாதையான மனிதர். தாளைப் புரட்டினார்.

"நிலம் தர இஷ்டமில்லைன்னு சொல்றீங்க. சரிங்கம்மா. எடுத்தா நல்ல விலையும் வீட்டுல ஒருத்தருக்கு வேலையும் வேணும்னு கேட்டிருக்கீங்க, இல்லையா?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இது உங்க கையெழுத்துதானே?"

அந்த அறையில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இதை நான் சொல்லவில்லை, அவன் எழுதியது, எனக்குப் படித்துக் காட்டவில்லை என்று சொல்லியிருந்தால் அன்றோடு என் மேஜை காலி. ஊரும் காறித் துப்பியிருக்கும். அவர் ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். என்னைக் காப்பாற்றத்தான் என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. யாருக்கும் வாயைக் கட்டாத மனுஷி எனக்காகக் கட்டினார்.

"ஆமாங்க" என்றார்.

வெளியே வந்ததும், "அக்கா, அது வழக்கமாப் போடறதுதான்" என்று ஆரம்பித்தேன்.

"நீ படிச்சுக் காட்டினப்ப அது இல்லியே" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார்.

பிறகு வந்த உத்தரவின் நகலை நானே வாங்கிப் படித்தேன். ஆட்சேபணைதாரர்கள் பெரும்பாலும் கூடுதல் இழப்பீடும் வேலைவாய்ப்புமே கோருகின்றனர், அவை பரிசீலிக்கப்படும், எனவே ஆட்சேபணைகள் நிராகரிக்கப்படுகின்றன என்று இருந்தது. என் பத்தியையே எடுத்து எங்களுக்குப் பதிலாக எழுதியிருந்தார்கள். பக்கத்து ஊரில் மனு எழுத ஆள் இல்லை. ஆளாளுக்குப் பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, நிலம் தர முடியாது என்று கோணல்மாணலாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஊரை இந்த முறை விட்டுவிட்டார்கள். அங்கே பாறை அதிகம், அதனால்தான் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பாறை என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுத் தாள்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

அக்காவின் கிணற்றை மூடினார்கள். மாமரம் ஐந்தும் ஒரே நாளில் போயிற்று. இப்போது அங்கே ஒரு கம்பெனி ஓடுகிறது. நான் கேட்டபடியே குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கொடுத்தார்கள். அக்காவுக்குத்தான் கொடுத்தார்கள், கான்ட்ராக்டில், ஹவுஸ்கீப்பிங். கழுத்தில் அட்டை, நீல கோட், கையில் மாப்பு. மைக்கில் சொன்னது அப்படியே நடந்துவிட்டது.

போன மாசம் ஒரு திங்கட்கிழமை அக்கா என் கடைக்கு வந்தார். அந்த விசாரணைக்குப் பிறகு இத்தனை வருஷத்தில் முதல் தடவை. வரிசையில் நின்றார். நான் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"பாத்ரூம் விஷயமா ஒரு மனு குடுக்கணுங்க."

என்னிடம்தான் பேசுகிறார் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வந்தது. கம்பெனியில் அவர்கள் கழுவுகிற பாத்ரூமை அவர்கள் உபயோகிக்கக் கூடாதாம். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போக வேண்டுமாம். பழைய அக்காவாக இருந்தால் இதை எந்த வார்த்தையில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"அக்கா, நீ சொல்லு. நீ சொல்றத அப்படியே அடிக்கிறேன். ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன்."

"எனக்கு என்னாங்க தெரியும்? நீங்களே பாத்து எழுதுங்க சார்."

சின்ன வயதிலிருந்து என்னை டேய் என்று கூப்பிட்ட வாய் அது. நான் திட்டுக்காகக் கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். அவர் வரிசையில் பின்னால் நிற்பவர்களைப் பார்த்துவிட்டு, நேரமாகிறது என்றார். வேறு வழியில்லாமல் நானே அடித்தேன். இரண்டே வரி. நாங்கள் கழுவுகிற கழிப்பறைக்குள் எங்களை அனுமதிக்க மறுக்கிறார்கள், இது அநியாயம். கடைசிப் பத்தி எதுவும் போடவில்லை.

பிரிண்ட் எடுத்து நீட்டி, "முழுசாப் படிச்சுக் காட்டறேன்க்கா" என்றேன்.

"வேணாங்க. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, தாளைப் பார்க்காமலே தெலுங்கில் கையெழுத்துப் போட்டார்.