லத்தீன் வரியும் அப்பாவின் வலது கையும்

நான் லத்தீன் கவிதை படித்ததற்கு ஒரே காரணம், அந்த வகுப்பு காலை ஐந்தரைக்கு நடந்தது. ஆர்வம், பழைய மொழிகள் மேல் காதல் என்றெல்லாம் விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். எழுதாமல் இருக்க முடியுமா? உண்மை என்னவென்றால், அப்பா ஏழு மணிக்கு எழுந்துவிடுவார். அதற்கப்புறம் என் நேரம் என்று ஒன்று கிடையாது.

அப்பா டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தவர். நான் எட்டாவது முடித்த கோடையில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப்போனது. அம்மா விடிவதற்கு முன்பே குருசுக்குப்பம் போய், படகு வந்ததும் மீன் எடுத்து, நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றுவிட்டு மதியத்துக்கு மேல்தான் வருவாள். யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் நான்.

வெளிநாட்டு ஆன்லைன் பள்ளி ஒன்று, வீட்டை விட்டு நகர முடியாத பிள்ளைகளுக்குச் சில இலவச இடங்கள் வைத்திருந்தது. என் பழைய பள்ளி டீச்சர் ஒருவர் தேடிப்பிடித்து விண்ணப்பம் போடவைத்தார். கிடைத்தது. மற்ற பாடங்களை எப்போது வேண்டுமானாலும் வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். மொழிப்பாடத்துக்கு மட்டும் நேரத்துக்கு உட்கார வேண்டும். பிரெஞ்சு எட்டு மணிக்கு, அதாவது அப்பாவைக் குளிப்பாட்டுகிற நேரத்தில். புதுச்சேரியில் இருந்துகொண்டு பிரெஞ்சை விட்டுவிட்டு லத்தீனா என்று தெருவில் பாதிப்பேர் கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், "சும்மாதான்" என்று சொல்லப் பழகினேன்.

மூன்று வருடம் இலக்கணத்தோடு மல்லுக்கட்டிய பிறகு, நான்காவது வருடம் உயர்நிலைக் கவிதை. நூற்றுக்கணக்கான வரிகள். கடல், புயல், சண்டை, அழுகிற பெண்கள். வாசித்து, சொந்தமாக மொழிபெயர்த்து, விளக்கவும் வேண்டும். எனக்குத் தெரிந்த படிப்பு ஒன்றே ஒன்றுதான்: மனப்பாடம். என் பழைய பள்ளியில் செய்யுளை அடி பிறழாமல் எழுத வேண்டும். டீச்சர் கொடுத்த நோட்ஸில் ஒரு வார்த்தையை மாற்றினால்கூட அரை மார்க் போய்விடும். மனப்பாடப் போட்டியில் மூன்று வருடம் தொடர்ந்து டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவள் நான்.

உட்கார்ந்து படிக்க நேரம் ஏது? அதனால் அப்பாவின் கையை வைத்துப் படித்தேன். நல்ல கையால் விழுந்த கையைக் கோத்துப் பிடித்து, தலைக்கு மேல் தூக்கி, நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். வேளைக்கு நாற்பது முறை என்று பிசியோதெரபி செய்தவர் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்பா தானாக ஒருமுறைகூடத் தூக்க மாட்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். நான்தான் முட்டி போட்டு, இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணி எண்ணி வெறுத்துப்போய், எண்ணுவதற்குப் பதிலாக லத்தீன் வரியைச் சொல்ல ஆரம்பித்தேன். வரியின் முதல் பாதிக்குக் கை மேலே போகும். நடுவில் மூச்சுவிடுகிற இடத்தில் நிற்கும். மறுபாதிக்கு இறங்கும். எந்தப் புலவனும் இதற்காக எழுதியிருக்க மாட்டான், ஆனால் அளவு சரியாக இருந்தது. காலை நாற்பது, மாலை நாற்பது. அப்பாவுக்கு ஒரு எழுத்தும் புரியாது. எனக்கும் பல நாள் புரிந்ததில்லை; அசதியில் வாய் மட்டும் ஓடும்.

அரையாண்டுத் தேர்வில் இருபது வரிகளைக் கொடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். முதல் இரண்டு சொல்லைப் பார்த்ததும் மீதி தானாக வந்தது. ஆசிரியை வகுப்புப் பக்கத்தில் போட்டிருந்த மாதிரி மொழிபெயர்ப்பையும் வரியோடு சேர்த்து உருப்போட்டிருந்தேன்; அதை அப்படியே எழுதினேன். அவர் கவனக்குறைவாக விட்டிருந்த அரை வரியை நானும் விட்டேன். சந்தேகமான ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் அவர் தனக்காகப் போட்டுவைத்திருந்த கேள்விக்குறியையும் விடாமல் போட்டேன்.

நான்காம் நாள் கடிதம் வந்தது. பார்த்து எழுதியதாகச் சந்தேகம். மறுநாள் ஐந்தரைக்கு ஆசிரியையோடு வீடியோவில் விசாரணை. உறுதியானால் இலவச இடம் போய்விடும். இடம் போனால் பன்னிரண்டாவதும் போச்சு. நான்கு வருடமும் போச்சு.

அம்மாவிடம் சொன்னேன்.

"காப்பி அடிச்சியா?"

"இல்லம்மா. மனப்பாடம் பண்ணி எழுதுனேன்."

"அதுக்குப் பேருதான படிக்கறது? அதுக்கு ஏன் உன்னத் திட்றாங்க?"

அம்மா கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "எதுனா கேட்டா உள்ளதச் சொல்லு" என்றாள். அவளுக்கும் நிற்கத் தெம்பில்லை.

மறுநாள் ஆசிரியை கோபமாக இல்லை. வருத்தமாக இருந்தார், அது இன்னும் மோசம். மனப்பாடம் என்று சொன்னேன். மொழிபெயர்ப்பைச் சொல்லிக் காட்டினேன். கடிதம் வந்த பிறகுகூட இதை மனப்பாடம் செய்திருக்கலாமே என்றார். நியாயம்தான். அந்த நியாயம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "லத்தீனைக் கேளுங்கள், எங்கிருந்து வேண்டுமானாலும்" என்றேன். சத்தமாகவே சொல்லியிருப்பேன் போல. ஒரே அறை வீடு. பின்னால் கட்டிலில் அப்பா முழித்துக்கொண்டார்.

ஆசிரியை புயல் கிளம்புகிற இடத்திலிருந்து சொல்லச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். பத்துப் பன்னிரண்டு வரி போயிருக்கும். ஆசிரியை மெதுவான குரலில், "உன் பின்னால் இருப்பவர் என்ன செய்கிறார்?" என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். அப்பா படுத்தபடியே இடது கையால் வலது கையைக் கோத்துப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். யாரும் பிடிக்கவில்லை, யாரும் கெஞ்சவில்லை. நான் பாதி வரியில் நிறுத்தியதால் அவர் கையும் இறங்காமல் மேலேயே நின்றது.

"அப்பா. பக்கவாதம். தினமும் இந்த வரிகளைச் சொல்லித்தான் கையைத் தூக்கிவிடுவேன். வரிக்கு ஒருமுறை" என்றேன்.

"போதும். நம்புகிறேன்" என்றார் ஆசிரியை.

இடம் போகவில்லை. அடுத்த வாரம் வேறு வரிகள், சொந்த வார்த்தைகள் என்று மறுதேர்வு எழுதவைத்தார். சுமாரான மார்க்தான் வந்தது. மனப்பாடம் வாசிப்பு ஆகாது என்று அவர் சொன்னதை ஒத்துக்கொள்ள எனக்கு இன்னும் சில வருடம் பிடித்தது.

ஆனால் அன்றைக்கு, போதும் என்று அவர் சொன்னபோது, பின்னாலிருந்து அப்பா குழறினார்: "மு… முடிம்மா. கை வலிக்குது."

"ஒரு நிமிடம் மிஸ், வரி முடிந்தால்தான் இறக்குவார்" என்று சொல்லிவிட்டு மறுபாதியைச் சொன்னேன். கை இறங்கியது. உடனே அடுத்த வரிக்குத் தயாராக இரண்டு கையையும் மறுபடி கோத்துக்கொண்டார். நாற்பதில் பாதிகூட ஆகவில்லை. ஆசிரியை இணைப்பைத் துண்டிக்கவில்லை. நாற்பதாவது வரி வரைக்கும் உட்கார்ந்து கேட்டார்.