ஜண்டைக்கு அந்தப் பக்கம்

"காக்கிச்சட்டைக்காரங்க ஆபீசுக்கு எழுதப் போறவ, நாளைக்கு நம்ம தலையில இருக்குற வெறகுக்கே கேஸ் எழுதுவா. பாத்துக்கிட்டே இருக்கா."

குழாயடியில் என் அம்மாவிடம் இதைச் சொன்னவள் எதிர் லயத்துச் சித்தி. சொந்தச் சித்தி இல்லை. அம்மாவோடு ஒரே நாளில் ஏலத்தோட்டத்தில் பேர் பதிந்தவள். நான் பக்கத்தில்தான் குடத்தோடு நின்றேன். அம்மா தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். எனக்கு அன்றிருந்த பெருமையில் அது பெரிதாகவும் படவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சக்குபள்ளம் பக்கத்தில் தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்திலிருந்து மழையிலும் பனியிலும் நடந்து பத்தாவது தேறினேன். மலையாளமும் தட்டச்சும் கற்றேன். எங்கள் ஜில்லா உண்டாகி மூன்று வருடம் ஆகியிருந்த சமயம், எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் வழியாக வனவிலங்குச் சரணாலயத்தின் ரேஞ்சாபீசில் எழுத்தர் வேலை கிடைத்தது. ஆறு மாதத் தற்காலிக வேலை. ரேஞ்சர் எழுதிக் கேட்டால் நீட்டிப்பார்கள்.

வனக்காவலர்களான கார்டுகள் எழுதும் நாட்குறிப்புகளைச் சுத்தப்பிரதி எடுப்பது என் வேலை. கார்டும் அவருக்குத் துணையான வாச்சர்களும் விடியற்காலையில் கிளம்பித் தங்கள் பகுதியைச் சுற்றி வருவார்கள். மிளா மானுக்கு வைத்த கம்பிக் கண்ணிகளைத் தேடி அறுப்பார்கள். கோடை வருமுன் தீ தாண்டாதபடி புல்லைச் செதுக்கிப் பாதை எடுப்பார்கள். யானைச் சாணத்தைக் குச்சியால் கிளறி அது எத்தனை நாள் பழசு என்று பார்ப்பார்கள். இவ்வளவையும் செய்துவிட்டு மாலையில் நாலு வரி எழுதுவார்கள். "ஜண்டை பதினொன்று. கண்ணி இரண்டு எடுத்தேன். மழை." ஜண்டை என்பது சரணாலய எல்லையில் அடையாளத்துக்குக் கட்டிய கற்குவியல்.

ஒரு நாள் ஒரு கார்டின் குறிப்பில் "யானை. வழி மாற்றினேன்" என்று மட்டும் இருந்தது. என்ன நடந்தது என்பதைப் பிறகு டீக்கடையில்தான் கேள்விப்பட்டேன். ஒற்றைக் கொம்பன் துரத்தியதில் அந்தக் கார்டு உச்சிப்பொழுது முழுவதும் மரத்தின் மேல் இருந்திருக்கிறார். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். அது யானையின் இடம், அதில் எழுத என்ன இருக்கிறது என்றார். கட்டையான மனிதர், மெல்லத்தான் பேசுவார். பரீட்சையில் நான் இரண்டு பக்கம் எழுதி வாங்கிய மார்க்கெல்லாம் அந்த மூன்று வார்த்தைக்கு முன்னால் எனக்குச் சிறிதாகிப்போனது.

தை மாதம் ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில், மூன்று பெண்கள் மூச்சு வாங்க ஆபீசுக்குள் வந்தார்கள். முன்னால் வந்தவள் என் அம்மா. தோட்டத்துக் கீழ் எல்லையில் ஓடையோரம் விறகு பொறுக்கினோம், யானைச் சத்தம் கேட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினோம், கூட வந்த ஒருத்தியை மட்டும் காணோம் என்றாள். காணாமல்போனது எதிர் லயத்துச் சித்தி. அவளுடைய பால்குடிப் பிள்ளை தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் கிடந்தது.

ரேஞ்சர் கேட்கக் கேட்க நான் மலையாளத்தில் எழுதினேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மெல்லப் பேசும் அந்தக் கார்டும் இரண்டு வாச்சர்களும் தண்ணீர்க்குப்பியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அம்மாவின் மடியைக் கவனித்தேன். சேலைக்குள் உருண்டை உருண்டையாகப் புடைத்திருந்தது. நெல்லிக்காய். ஏலத்துக்கு நிழல் வேண்டும், நெல்லிக்கு வெயில் வேண்டும். எங்கள் தோட்டத்துப் பக்கம் நெல்லி மரமே கிடையாது. அது இருப்பது ஜண்டைக்கு அந்தப் பக்கத்துப் புல்மேட்டில். சரணாலயத்துக்குள் போய் விறகெடுத்தால் கேஸ். நான் சிறுமியாக இருந்தபோது அம்மாவின் பின்னால் அதே மேட்டுக்குப் போயிருக்கிறேன். வழியில் காக்கிச்சட்டை கண்டால் ஓடையிலிருந்து வருகிறோம் என்று சொல்லவேண்டும் என்பது லயத்துப் பெண்களுக்குள் பேசாமலே இருந்த ஒப்பந்தம். அந்தப் பொய்யைத்தான், ஒரு உயிர் காட்டுக்குள் கிடக்கும்போதும், அம்மா பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அம்மா மேல் கேஸ் வரும். சித்தி ஓடையில்தான் இருப்பாளோ, நெல்லிக்காய் நேற்றையதோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

கார்டு திரும்பி வந்தார். ஈர மண்ணில் ஒரு காலடி கூட இல்லை, ஓடையில் இன்னும் கீழே போய்ப் பார்க்கிறோம் என்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படியிறங்கினார். இல்லாத இடத்தில் தேட அந்த மனிதர் அப்படி விரைந்து இறங்குவதை என்னால் பார்க்க முடியவில்லை.

அம்மாவை வாசலுக்கு அழைத்துப் போய்க் கேட்டேன். "மடியில என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

"நெல்லிமேட்டுக்குத்தான போனீங்க?"

"கத்தாதட்டி. உள்ள கேக்கும்."

"கேக்கட்டும்மா. புள்ள பாலுக்கு அழுதுட்டுக் கெடக்கும்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் உள்ளே போய் ரேஞ்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் எழுந்து தொப்பியை எடுத்தார். "கேஸ் அப்புறம். ஆளு எந்த வழி போச்சு, அதைக் காட்டு" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

ஓடைக்கு இறங்கியவர்களையும் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு ஜீப் மண்பாதை முடியும்வரை போயிற்று. அங்கிருந்து நான் வழி காட்டினேன். ஜண்டையைத் தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது. இவர்கள் காட்டில் ஆளைத் தேடும் முறை அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. யானை பக்கத்தில் இருந்தால், கூப்பிடுகிறவருக்கும் ஆபத்து, ஒளிந்திருக்கிறவருக்கும் ஆபத்து. நூறு அடி நடப்பார்கள், நிற்பார்கள், மூச்சைப் பிடித்துக் கேட்பார்கள், மறுபடி நடப்பார்கள். முன்னால் போன வாச்சர் காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த குடியைச் சேர்ந்தவர். அவர் கால் வைத்த இடத்தில் சருகு சத்தம் போடவில்லை. என் ரப்பர் செருப்பு போட்ட சத்தத்துக்குக் கார்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

நெல்லிமேட்டில் நாலு விறகுக்கட்டும் போட்டது போட்டபடி கிடந்தன. அதற்கப்பால் வெறும் புல் சரிவு. வாச்சர் சரிவில் பாதி இறங்கிக் குனிந்து எதையோ எடுத்துக் காட்டினார். ஒரு நெல்லிக்காய். பக்கத்தில் மரம் இல்லாத இடம். பத்தடி தள்ளி இன்னொன்று, அப்புறம் இரண்டு. ஓடும்போது சித்தியின் மடி அவிழ்ந்திருக்கிறது. அந்தக் காய்களைப் பிடித்துக்கொண்டே போனார்கள். அவை கீழே ஒரு பாறை இடுக்கை நோக்கிப் போயின. பாறைக்கும் எங்களுக்கும் நடுவில் மூன்று யானைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று குட்டி.

ரேஞ்சர் என்னை மேட்டிலேயே உட்கார வைத்தார். அவர் தோளில் துப்பாக்கி இருந்தது. அதைத் தொடக்கூட இல்லை. வாச்சர் கொஞ்சம் மண்ணைத் தூவிக் காற்றைப் பார்த்தார். காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போய், தன் வாடை யானைகளுக்குப் போகும்படி ஒரு இடத்தில் சும்மா நின்றார். அவ்வளவுதான். தாய் யானை தும்பிக்கையைத் தூக்கியது. நிழல் நீளும்வரை எல்லாரும் அசையாமல் இருந்தோம். கடைசியில் அது குட்டியைத் தள்ளிக்கொண்டு மெல்ல மறுபக்கம் இறங்கியது. விரட்டியதாக அதற்குத் தோன்றக்கூடாது, கோபம் வந்தால் திரும்பிவிடும் என்று ரேஞ்சர் பிறகு சொன்னார்.

சித்தி உயிரோடு இருந்தாள். பாறையில் விழுந்து கணுக்கால் முறிந்திருந்தது. சத்தம் வராமலிருக்க முந்தானையை வாயில் திணித்திருந்தாள். கார்டு தன் சட்டையைக் கிழித்து ஈத்தை மூங்கில் குச்சிகளை வைத்துக் காலைக் கட்டினார். ஜீப்பிலிருந்து கொண்டுவந்த கம்பளியைக் கழியில் கட்டித் தூளி செய்து, மேட்டிலும் சரிவிலும் நாலு பேரும் மாறி மாறிச் சுமந்தார்கள். ரேஞ்சரும் தோள் கொடுத்தார். தூளி எங்கேயும் தரையில் இடிக்கவில்லை. ஜீப்புக்கு வரும்போது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது.

நான் தலைமாட்டில் நடந்தேன். சித்தி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, எழுதிட்டியா கேசு?"

"இன்னும் இல்ல சித்தி. மொதல்ல ஆஸ்பத்திரி."

"எழுதும்போது பேரச் சரியா எழுது. தோட்டத்து மஸ்டர் நோட்டுல தப்பாத்தான் போட்ருக்கான்."

முன்னால் சுமந்துகொண்டிருந்த கார்டு சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

திங்கட்கிழமை கேஸுக்கான மகஸர் அறிக்கை எழுதவேண்டியிருந்தது. வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ளட்டுமா என்று ரேஞ்சர் கேட்டார். நானே எழுதினேன், நாலு பெண்களின் பேரையும், அதில் என் அம்மா பேரையும். அம்மா கைநாட்டு வைத்துவிட்டு விரலைத் தலையில் துடைத்தாள். முதல் தடவை என்பதால் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். சனிக்கிழமைத் தேடலைக் கார்டு நாட்குறிப்பில் எழுதியிருந்தார்: "ஜண்டை ஏழு. பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தோம். யானை மூன்று, நலம்."

அதைப் பிரதி எடுத்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. அடுத்த முறையும் அடுப்புக்கு விறகு வேண்டும். அடுத்த முறையும் பெண்கள் பயந்து ஓடை என்றே சொல்வார்கள். கார்டும் வாச்சர்களும் மறுபடி தண்ணீர்க்குப்பியோடு ஓடைக்கே இறங்குவார்கள்.

ஒரு விண்ணப்பம் எழுதினேன். வாரத்தில் ஒரு நாள், அரிவாள் இல்லாமல், கீழே விழுந்த விறகை மட்டும், கார்டு ஒருவர் கூட நிற்க, நெல்லிமேடு வரை போய்ப் பொறுக்கிக்கொள்ள அனுமதி வேண்டும் என்று. லயம் லயமாகப் போய்ப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினேன். ரேஞ்சர் இரண்டு முறை படித்தார். மேலிடம் மறுக்கலாம் என்றார். ஆபீசில் வேலை பார்க்கிறவள் இதில் கையெழுத்துப் போட்டால், அடுத்த மாதம் வேலை நீட்டிப்புக்கு அவர் எழுதும்போது கேள்வி வரும் என்றும் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

எழுத்தர் என்று போடவில்லை. ஐந்தாம் லயம், குடியிருப்பவள் என்று போட்டு, கீழே என் முழுப்பெயரைக் கையெழுத்திட்டேன். அடுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமைத் தபாலோடு அது ஜீப்பில் மலை இறங்கிப் போய்விட்டது.