ரோசலின் டீச்சரும் உட்காரப் பழகிய நாயும்

நாவுல ஊர் பஸ் தரிப்பிடத்தில் மாத்தளை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். நான் முன்பு படிப்பித்த தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "சார், ரோசலின் டீச்சர் போயிட்டாங்க. காச்சலாம். நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்களாம்" என்றார். கலேவெல பக்கத்தில் ஒரு காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அவரை மாற்றியிருந்தார்கள். காய்ச்சல் கண்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அங்கே நேரத்துக்கு வாகனம் கிடைக்கவில்லை. இதற்குமேல் எனக்கு விவரம் தெரியாது. இதுவே போதுமான அளவுக்கு எரிச்சலைத் தருகிறது.

அவரோடு வேலை செய்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். பொறுமைசாலி, தேவமாதா பக்தை என்றெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு எழுத வேண்டியது ஜிம்மியைப் பற்றி.

இனக்கலவரத்துக்கு அடுத்த வருடம் மழைக்கு ஒதுங்கிய ஒரு குட்டி எங்கள் பள்ளிக்குள் வந்தது. டீச்சர் அதை வைத்துக்கொண்டார். மூன்று வகுப்புகளுக்கு ஒரே மண்டபம், கூரை ஒழுகும், கரும்பலகை பிளந்து கிடக்கும். அந்த இடத்தில் அவர் ஒரு ரொட்டித் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு "சிட், ஜிம்மி, சிட்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அது உட்காராது. ரொட்டிக்குத் தாவும், சேலையைக் கிழிக்கும், வெண்கட்டியைத் தின்னும், பிள்ளைகளின் சாப்பாட்டுப் பொட்டலத்தை இழுத்துக்கொண்டு ஓடும். எனக்குப் பொறுக்கவில்லை. புத்தகம் இல்லாத பிள்ளைகள் இருக்க நாய்க்கு மரியாதை படிப்பிக்கிறீர்களா என்று கேட்டேவிட்டேன்.

"தொரை ஜீப்பை லயத்து நாய்ங்க தொரத்துதாம் சார். இனிமே சுட்டுருவாங்களாம்" என்றார். "இது ஒழுங்கா பழகிருச்சின்னா யாரு என்னா சொல்ல முடியும்?"

தலைமை ஆசிரியர் தன் மேசையிலிருந்து பிரம்பை நீட்டினார். "இதக் காட்டுங்க டீச்சர், ஒரே நாள்ல உக்காரும்."

"பிரம்புக்குப் பயந்து உக்காந்தா அது உக்கார்றது இல்ல சார், ஒளிஞ்சிக்கிறது."

பிள்ளைகளிடமும் அவர் பிரம்பு எடுத்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நாயிடம் ஏன் ஆங்கிலம் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்தில் பழக்கிய நாய் என்றால் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா நாய்தான், அது கேட்பது ஆங்கிலம்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்க்கு யாரும் எதையும் படிப்பித்ததில்லை. கத்துவார்கள், கல்லெறிவார்கள், சோறு வைப்பார்கள். பள்ளிக்குப் பக்கத்து லயத்தில் இருந்த மாரியாயி அக்கா கொழுந்துக் கூடையோடு போகும்போதெல்லாம் நின்று வம்பிழுப்பார். "என்னாங்க டீச்சர், ஒங்க மகன் இங்கிலீசுல பாசாயிட்டானா? எங்க வூட்டு நாய்ங்களுக்கு ஏச்சு மட்டுந்தான் வெளங்கும்."

டீச்சர் சிரிப்பார். மறுபடியும் "சிட்" என்பார்.

மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு ஜிம்மி பழகியது. வாசலில் "ஸ்டே" என்றால் பள்ளி விடும்வரை அசையாது. ஆள் மேல் பாயாது. ஒருநாள் ஜீப் வந்தபோது மற்ற நாய்கள் குரைத்துக்கொண்டு ஓட, இது மட்டும் பாதை ஓரத்தில் அமர்ந்திருந்தது. துரை வண்டியை நிறுத்தி, "குட் டோக்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று டீச்சர் பிள்ளைகளுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தார். எனக்கு அந்த இனிப்பு இறங்கவில்லை. துரையின் ஒரு சொல்லுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று கோபம்தான் வந்தது.

பிறகு தோட்டத்தின் மேல் கணக்குப் பிரிவில் வெறிபிடித்த ஒரு விசர்நாய் யாரையோ கடித்துவிட்டது. கட்டாத நாய்களையெல்லாம் சுடும்படி உத்தரவு வந்தது. டீச்சர் தோட்ட அலுவலகமான கந்தோருக்குப் போய், ஜிம்மியையும் சுடுவார்களா என்று கேட்டார். பெரிய கிளாக்கர், "பட்டி போட்ட, பழக்குன நாய்க்கு என்னாங்க பயம்? நீங்க போங்க டீச்சர்" என்று அனுப்பிவைத்தார். அதை அவர் நம்பினார். ஜிம்மியின் கழுத்துக்குப் புதுப் பட்டி கட்டி, வழக்கம்போல வாசலில் "ஸ்டே" சொல்லிவிட்டு வகுப்புக்குள் வந்தார்.

காவல்காரரும் அதே கிளாக்கரும் துவக்கோடு பாதையில் வந்தார்கள். மாரியாயி அக்கா தன் நாய்களைக் கல்லால் அடித்துத் தேயிலைக்குள் விரட்டினார். ஜன்னலில் தொங்கிய பிள்ளைகள், "ஜிம்மி, ஓடு! ஓடுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அந்தச் சொல்லை அதற்கு யாரும் பழக்கியிருக்கவில்லை. சத்தத்தில் மிரண்டு பாதி எழுந்தது. "சிட்" என்றார் கிளாக்கர். அது உட்கார்ந்தது. வெடி கேட்டது.

டீச்சர் வெளியே ஓடினார். காவல்காரர் லயத்து மனிதர்தான். "நான் என்னாங்க டீச்சர் செய்ய? ஆடரு" என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கிளாக்கர் அதற்குள் நடந்துவிட்டார். அன்று மாலை மாரியாயி அக்காவின் நாய்கள் எல்லாம் உயிரோடு திரும்பி வந்தன. ஒரு மரியாதையும் தெரியாத நாய்கள்.

"மொதல்ல ஓடப் பழக்கியிருக்கணும் சார்" என்றார் டீச்சர்.

அந்த வருடம் பரிசளிப்புக்குத் துரை வந்தார். துரை நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து கைகட்டி, ஒரே குரலில் வணக்கம் பாடவேண்டும். எல்லா வருடமும் அப்படித்தான். மற்ற இரண்டு வகுப்புகளும் எழுந்தன. டீச்சரின் வகுப்பு குனிந்து கணக்குச் செய்துகொண்டிருந்தது.

"எந்திரிக்கச் சொல்லுங்க டீச்சர்!" என்று தலைமை ஆசிரியர் பதறினார்.

"கணக்கு முடியட்டும் சார்."

கொஞ்ச நாளில் கலேவெலவுக்கு மாற்றம் வந்தது. காரணம் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, நான் உட்பட.

அடுத்த வாரம் நாவுலவில் என் பள்ளிக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, எழவும் உட்காரவும் பழக்கும்படி எனக்கு உத்தரவு. ரோசலின் டீச்சரிடமிருந்து நான் வைத்திருப்பது, முதலில் ஓடப் பழக்கியிருக்க வேண்டும் என்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். அது எந்த ஆறுதலையும் தரவில்லை. பிள்ளைகளை நான் இன்னும் பழக்கவில்லை. பழக்கப்போவதும் இல்லை.