முறைக்கு இருந்தவர்

பாலிடெக்னிக் முடித்த கையோடு கம்பத்தில் ஓர் ஏலக்காய்க் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். காயைத் தரம் பிரிக்கும் பெண்களின் வருகைப் பதிவைச் சீராக்குவது என் பொறுப்பு. பெயர், ஊர், வந்த நாள், வராத நாள், வராத காரணம் என்று கட்டம் போட்டேன். அந்தத் தாளில் எனக்குப் பெருமை இருந்தது.

சுருளிப்பட்டியிலிருந்து வரும் பெண்கள் ஐந்து பேர். அவர்களில் மூத்தவருக்கு முழங்கால் வீக்கம். வாரத்தில் பாதி நாள் வரமாட்டார். காரணம் கேட்டால், "முறைக்கு இருந்தேன் தாயி" என்பார். போடி கடைவீதியில் வளர்ந்த எனக்கு, முறை என்றால் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குச் செய்வது. 'விசேஷம்' என்று எழுதிக்கொண்டேன்.

"வாரத்துக்கு மூணு விசேஷமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பிள்ளைக கெடக்குற வீட்ல தெனமும் விசேஷந்தான்."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோடையில் காய்வரத்து குறைந்தது. ஆள் குறைக்க வேண்டும் என்று முதலாளி என் தாளைக் கேட்டார். அதிக நாள் வராதவர் யார் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அவர் பெயரை அடித்துவிட்டார்கள்.

மறுநாள் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி என் மேசை முன் வந்து நின்றாள். "அவுக எங்க பிள்ளைகளப் பாத்துக்கிட்டாக, நாங்க இங்கன வந்தோம். ஆளுக்கொரு நாள் முறை. கால் முடியலேன்னு எங்க முறையில பாதிக்கும் அவுகளே இருந்தாக. கூலிய அஞ்சாப் பிரிச்சுக்குவோம். இதக்கூடக் கேக்கலையா நீங்க?"

கேட்டிருந்தேன். அவரும் சொல்லியிருந்தார்.

முதலாளியிடம் ஓடினேன். "எழுதுனது நீங்கதானம்மா. இப்ப நீங்களே தப்புன்னா நான் எதை நம்ப?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சுருளிப்பட்டிக்குப் போனேன். அவர் வாசலில் ஒரு குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் இன்னும் அவருக்குப் பங்கு தரத் தயாராக இருந்தார்கள். வாங்கிக்கொள்ளலாமே என்றேன்.

"பேரு இருந்தப்ப அது பங்கு தாயி. பேரு போனப்பொறவு வாங்குனா தருமம். வேணாம்னுட்டேன். நாளைக்குத் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போறேன்."

"இந்தக் காலோடயா?"

"ஜீப்புதான ஏறப்போகுது மலைய."

களையெடுப்பது சரிவில் என்று எனக்கும் தெரியும். வேறு கொட்டகையில் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். "கேளு தாயி" என்றார், என் மனம் நோகக்கூடாது என்பதுபோல. இரண்டு இடங்களில் கேட்டேன். இல்லை என்றார்கள். அதைச் சொல்லவும் நான் மறுபடி அங்கே போகவில்லை.